கூட்டுத்தொகையில் குறையும் அந்த நான்கு சதவீதம்

(புதுச்சேரியில் நிலவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புள்ள மாணவர்களே, ஆசிரியப் பெருமக்களே!

பக்கத்திலேயே அரிக்கமேடு இருக்கிறது. அங்கே மணி செய்தவர்களின் காலத்திலேயே கொங்கு நாட்டில் பெரில் என்ற மணிக்கல்லை எடுத்தார்கள். கொடுமணலில் அதைப் பட்டை தீட்டினார்கள். இந்தியாவைத் தவிர வேறெங்கும் பெரில் கிடைப்பது அரிது என்று ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் எழுதிவைத்தார். பெரிலில் இருப்பது பெரிலியம் என்ற லேசான தனிமம். பெரில் கண்ணில் படும் கல். நான் பேச வந்தது, போரானும் பெரிலியமும் ஒளிந்திருந்தும் கண்ணுக்குத் தப்பும் கற்களைப் பற்றி.

சேறாகப் படிந்த களிமண்ணில் போரான் என்ற இன்னொரு லேசான தனிமம் உண்டு. அது புதைந்து சூடேறும்போது போரான் டூர்மலின் என்ற கனிமத்துக்குள் தங்குகிறது. வெப்பம் 800, 900 டிகிரியை நெருங்கினால் டூர்மலின் உடைகிறது. பாறை உருகிய குழம்பு போரானைப் பெரும்பாலும் அள்ளிக்கொண்டு போய்விடும். போகாமல் எஞ்சினால்தான் கோர்னெருபின், கிராண்டிடியரைட் போன்ற அரிய கனிமங்கள் பிறக்கின்றன. ஆகவே இவை கிடைத்த இடத்தில் குழம்பு எவ்வளவு வெளியேறியது என்று கேட்க முடிகிறது. எனக்கு இதுவே பெரிய விஷயம். அரிய கல் என்ற பெருமை அதற்குப் பிறகுதான்.

நம் கீரனூரிலேயே சபைரின் என்ற கனிமத்தோடு கோர்னெருபின் கிடைத்திருக்கிறது. மடகாஸ்கரில் 1902-இல் கிராண்டிடியரைட் விவரிக்கப்பட்டது. அண்டார்க்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளிலிருந்து 1998-இல் போரால்சிலைட் என்ற போரான் கனிமம் அறிவிக்கப்பட்டது. நம் பாரதி ஆய்வு நிலையம் நிற்பதும் அதே குன்றுகளில்தான். இவையெல்லாம் ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலம்.

ஏன் இவை தப்புகின்றன? போரானின் அணு எண் 5, பெரிலியத்தினுடையது 4. இவ்வளவு லேசான தனிமங்கள் தரும் எக்ஸ் கதிர் மிக வலுவற்றது. எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, கனிமம் தரும் எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் வழக்கமான எலக்ட்ரான் நுண்பகுப்பாய்வில் அது பதியாமலே போய்விடும். அளந்த தனிமங்களின் ஆக்சைடுகளைக் கூட்டினால் 100 சதவீதத்துக்குப் பதில் 95, 96 வரும். ‘மீதி தண்ணீர்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். கோர்னெருபினில் போரான் ஆக்சைடு மட்டுமே 4 சதவீதத்தைத் தாண்டலாம்! பெரிலியமோ சபைரினுக்குள்ளும் கார்டியரைட் என்ற கனிமத்துக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். அயனிக் கற்றையால் அளக்கும் அயனி நுண்பகுப்பி போன்ற கருவியில் கொடுத்தால்தான் வெளிப்படும்.

இன்னொன்று எனக்குக் கவலை. இப்படிப்பட்ட பாறை பெரும்பாலும் சின்னத் திட்டாகவே இருக்கும். ஒரு கல்குவாரி வெடியில் முழுதாகப் போய்விடலாம். அதனால் துறை அலமாரியில் கிடக்கும் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக மெலிதாகத் தேய்த்த பழைய சபைரின் பாறைச் சீவல்களைத் தூசி தட்டி எடுங்கள். கூட்டுத்தொகை குறைந்த பகுப்பாய்வுகளைத் தனியே குறித்துவைத்து, முதலில் அவற்றுக்கே போரானும் பெரிலியமும் அளக்கக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.