சேற்றில் இறங்குகிற டிராக்டருக்குக் கேபின் எப்படி இருக்க வேண்டும்?

வணக்கம் உறவுகளே. மன்னார்குடி பக்கம் ஒரு வரப்பில் நின்று பேசுகிறேன், பின்னால் தம்பி மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் ஓட்டுகிறான், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீர்கள்: "அண்ணே, ஏசி கேபின் டிராக்டர் வாங்கலாமா?"

பத்தொன்பது வருடமாகத் திறந்த வண்டிதான் ஓட்டுகிறேன். கோடை உழவில் மேலே வெயில், காலடியில் கியர் பாக்ஸ் சூடு, மூக்கில் புழுதி. அதெல்லாம் குளித்தால் போய்விடும். காதுதான் போகாது. ராத்திரி படுத்தாலும் உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டில் டிவி சத்தத்தை நான் கூட்டுவேன், பிள்ளைகள் குறைப்பார்கள். அதனால் கேபினை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

போன மாதம் நண்பர் ஒருவரின் கேபின் வண்டியை இரண்டு நாள் வாங்கி ஓட்டினேன். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் நாள் வைக்கோல் கட்டுகிற வேலை. காலையில் சொர்க்கம் போல இருந்தது, கதவைச் சாத்தியதும் கட்டுப் போடுகிற பேலர் சத்தம் பாதியாகிவிட்டது, சட்டையில் ஒரு தூசி இல்லை. மதியம் ஏசியில் வெந்நீர் ஆவி மாதிரி காற்று. என்னவென்று பார்த்தால், கூரைமேல் இருக்கிற, ஏசி சூட்டை வெளியே விடுகிற கன்டென்சரில் வைக்கோல் தூசி கம்பளி போல அப்பிக் கிடக்கிறது. அதைத் தட்ட மேலே ஏற ஒரு படிகூட வைக்கவில்லை, டயரில் ஏறி நின்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினேன்.

மறுநாள் சேற்றுழவு. சேற்றுக்காக மாட்டுகிற இரும்புச் சக்கரம், அதாவது கேஜ் வீல், வாரி அடித்த சேறு பக்கக் கண்ணாடி முழுக்க. வைப்பர் முன்னால் மட்டும்தான். நமக்கு முன்னால் பார்ப்பதைவிடத் திரும்பித் திரும்பி ரோட்டவேட்டரைப் பார்ப்பதுதானே வேலை, அதனால் பின் கண்ணாடியைத் திறந்து வைத்தே ஓட்டினேன், அப்புறம் ஏசி எதற்கு? சேற்றுக் காலோடு ஏறினால் மிதியடி வழுக்குகிறது, கழுவி விட்டால் தண்ணீர் வெளியே போக ஓட்டை இல்லை. இதை வடிவமைத்தவர் நம் வயலில் ஒரு நாள் இறங்கியிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்.

அமெரிக்காவில் 1972-இல் ஜான் டீர் டிராக்டர் கம்பெனி சவுண்ட்-கார்ட் என்று ஒரு கேபின் கொண்டுவந்தது. அதுவரை அங்கேயும் பெரும்பாலும் வெளியே செய்த தகரப் பெட்டியைத்தான் வண்டிமேல் மாட்டுவார்கள், உள்ளே சத்தம் இன்னும் அதிர்ந்து கேட்கும். இவர்கள் கேபினையும் வண்டியையும் சேர்த்தே வடிவமைத்து, ரப்பர்மேல் உட்கார வைத்து, கவிழ்ந்தாலும் நசுங்காத சட்டகத்தை உள்ளேயே வைத்தார்கள். போட்டி கம்பெனிகள் சும்மா இருக்க முடியவில்லை, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1976-இல் ஓட்டுநர் இருக்கையையே முன்னால் தள்ளிப் புது கேபின் செய்தது. இன்ஜின் குதிரைத்திறனைப் போலவே கேபினும் வியாபாரத்தைத் தீர்மானித்த காலம் அது. நம் ஊரில் அந்தப் போட்டி இப்போதுதான் தொடங்குகிறது.

அந்தச் சட்டகத்தைப் பற்றி இன்னொன்று. சுவீடனில் 1959-லேயே புது டிராக்டருக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பட்டறையில் வெல்டிங் வைத்த கூரை நிழல் தரும், கவிழ்ந்தால் உயிரைக் காப்பாற்றாது. திறந்த வண்டியில் குதித்துப் பழகிய நமக்கு, சோதித்துச் சான்று வாங்கிய கேபினில் பெல்ட் போட்டு உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு என்பதை ஷோரூமில் யாரும் சொல்லித் தருவதில்லை.

நம் நாட்டில் லாரிக்கு 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளில் கேபின் ஏசி கட்டாயம். நல்ல சட்டம். அதே வெயிலில்தான் டிராக்டர் ஓட்டுகிறவனும் இருக்கிறான்.

சரி, வாங்கலாமா என்றால், வைக்கோல் கட்டுகிற வேலையும் சாலை வேலையும் அதிகம் உள்ளவர்கள் தைரியமாக வாங்குங்கள். சேற்று வேலைதான் பிழைப்பு என்றால் கொஞ்சம் பொறுங்கள். தென்னந்தோப்புக்குள் ஓட்டுகிறவர்கள் முதலில் மட்டை உயரத்தை அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். அடுத்த மாதம் எங்கள் டீலர் கூட்டம் இருக்கிறது, கம்பெனி இன்ஜினியர் வருகிறார். பின் வைப்பர், கூரைக்குப் படி, தரையில் தண்ணீர் ஓட்டை, இந்த மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியில் என்ன இடைஞ்சல் என்று கீழே எழுதுங்கள், எந்த வேலையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அப்படியே பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுக்கிறேன்.