எக்ஸ் என்ற ஊர்ப்பெயருக்குள் ஒரு ‘இல்’

வணக்கம். நான் இப்போது தெற்கு பிரான்சில், எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ் ஊரில், குர் மிராபோ வீதியில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் பாசி மூடிப் பச்சை மேடு மாதிரி தெரிகிறதே, அது ஒரு நீரூற்று. கை வைத்துப் பார்க்கிறேன், தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கிறது. ஊருக்குப் பெயர் வந்ததே இந்த மாதிரி ஊற்றுகளால்தான்.

பக்கத்து ஆந்த்ரமோன் குன்றில் வாழ்ந்த சல்லுவி மக்களை வென்ற ரோமானியத் தளபதி கையுஸ் செக்ஸ்தியுஸ் கல்வீனுஸ், கி.மு. 122இல் இங்கே ஒரு குடியேற்றத்தை அமைத்தார். பெயர், அக்வாய் செக்ஸ்தியாய். அக்வா என்றால் தண்ணீர். நாம் தண்ணீரைப் பன்மையில் சொல்வதில்லை. லத்தீனில் அக்வாய் என்று பன்மையாக்கினால் ஊற்று, குளிக்கும் இடம் என்ற பொருள் வந்துவிடும். அது பெண்பால் பன்மை என்பதால், தளபதியின் குலப்பெயரில் பிறந்த பெயரடையும் கூடவே பெண்பால் பன்மையாகிறது. செக்ஸ்தியுஸின் ஊற்றுகள், அவ்வளவுதான்.

சரி, அக்வாய் எப்படி எக்ஸ் ஆனது? அந்த ‘ஸ்’ எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘ரோமில்’ ‘ஏதென்சில்’ என்று சொல்ல லத்தீனில் முன்னால் தனிச்சொல் போடமாட்டார்கள், ஊர்ப்பெயரின் கடைசிதான் மாறும். அப்படி மாறினால் அக்வீஸ் செக்ஸ்தியீஸ். ‘ஊற்றுகளில்’ என்பதற்கும் அதே வடிவம், ‘ஊற்றுகளிலிருந்து’ என்பதற்கும் அதே வடிவம். நன்னூலில் ‘இல்’ ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உருபாக வருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே இருக்கிறாய், எங்கிருந்து வருகிறாய், இரண்டுக்கும் பதில் அக்வீஸ். ரோமானியர்களின் வழித்தடக் குறிப்பேட்டில் இங்கிலாந்தின் பாத் நகரமும் அக்வீஸ் சூலிஸ் என்றுதான் இருக்கிறது. வாயில் அதிகம் புழங்கிய அந்த வடிவமே தேய்ந்து எக்ஸ் ஆனது. தளபதியின் பெயர் உதிர்ந்துவிட்டது, தண்ணீரும் வேற்றுமை உருபும் மிஞ்சின.

தென்மேற்கில் தாக்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதுவும் ஒரு அக்வீஸ்தான். ஆனால் அங்கே ‘இருந்து’ என்று பொருள்படும் ‘த’ முன்னால் ஒட்டிக்கொண்டு பெயரோடு கலந்துவிட்டது. அடுத்த பயணம் அங்கேதான். அங்குள்ள ஊற்றின் வெப்பம் 64 டிகிரி, இப்படிக் கை வைக்க முடியாது.