பாசத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்

நடுவர் அவர்களே, கோத்தகிரிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். "வீட்டுக்குள் பணத்தைக் காப்பது பாசமா, பத்திரமா?" என்பது தலைப்பு. நான் பத்திரத்தின் பக்கம்.

எதிரணி அண்ணன் சொன்னார்: "பெற்ற பிள்ளையிடம் எழுத்துக் கேட்கிற அன்றைக்கே அந்த வீட்டில் பாசம் செத்துப்போச்சு." எல்லாரும் கைதட்டினீர்கள். எனக்குக் கை எழவில்லை ஐயா. எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தர் கண்ணுக்குள் வந்து நின்றார்.

72 வயது. ஒன்றேகால் ஏக்கர் தேயிலை. பெரியப்பா போன மறு வருஷமே மகன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். பத்திரம் எழுதியவர், "கடைசி வரைக்கும் பராமரிக்கணும்னு ஒரு வரி போடட்டுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "எம் புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று கோபப்பட்டிருக்கிறார் பெரியம்மா.

இன்றைக்கு இலைக் காசு மகனுக்கு. பெரியப்பாவுக்குப் பின் வருகிற பென்ஷன் பெரியம்மா கணக்கில்தான் விழுகிறது. ஆனால் ஏடிஎம் கார்டு மகன் சட்டைப் பையில். வங்கியில் கொடுத்திருக்கும் செல் நம்பரும் மகனுடையது. பணம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ்சான்று கொடுக்க மட்டும் ஜீப் வைத்துப் பத்திரமாகக் கூட்டிப் போவான்.

போன மாதம் அவர் வீட்டில் பிரஷர் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மாத்திரையும் கத்தியால் இரண்டாக நறுக்கி வைத்திருந்தது. "டாக்டர் பாதி போடச் சொன்னாரா பெரியம்மா?" என்றேன். "முழுசு போட்டா மாசம் முடியறதுக்குள்ள தீந்துருது கண்ணு. அவங்கிட்ட மறுபடியும் கேக்கணும்ல" என்றார். தன் பணத்தில் மாத்திரை வாங்கத் தான் பெற்றவனிடம் கையேந்தக் கூசுகிறார் ஐயா!

சட்டம் என்ன சொல்கிறது? 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். அதுதான் 23-வது பிரிவு. கோத்தகிரிக்காரர்கள் குன்னூர் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனுக் கொடுக்கலாம், வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பிரிவு கைகொடுக்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெரியம்மா வேண்டாம் என்று தள்ளினாரே, அந்த ஒரு வரி!

அண்ணே, நிலத்தைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள். "என் ஆயுள் உள்ளவரை அனுபவ உரிமை எனக்கே" என்று எழுதிக் கொடுங்கள். அதற்கும் மனசு ஒப்பாவிட்டால் உயில் எழுதுங்கள். சுயநினைவு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிந்த செட்டில்மெண்டை அப்படி நினைத்த மாத்திரத்தில் திரும்ப வாங்க முடியாது. மகனைக் கூட்டுக் கணக்கில் சேர்க்கும்போது, நீங்கள் இருக்கும்வரை நீங்கள் மட்டுமே எடுக்கிற மாதிரி வையுங்கள். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று கேட்டால் வங்கியில் புரிந்துகொள்வார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை என்றால் 14567, முதியோருக்கான இலவச உதவி எண். இது மாமியார் கதை மட்டும் இல்லை. கொழுந்து பறித்த கூலியைக் கணவனிடம் அப்படியே கொடுத்துவிட்டுச் செலவுக்குக் கேட்டு நிற்கும் மருமகளுக்கும்தான். 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம் பணத்தைப் பறித்து வைத்துக்கொள்வதையும் வன்முறை என்றே சொல்கிறது.

பாசம் இருந்தால் போதும் என்கிறார் அண்ணன். பெரியம்மாவிடம் பாசம் குறைந்தா போச்சு? மனு எழுதித் தருகிறேன் என்றேன், மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தார். ஒரு பழைய பட்டன் போன் வாங்கி, வங்கிக்குக் கூட்டிப் போய், அவர் பேரில் எடுத்த நம்பரைக் கணக்கில் மாற்றி வந்தோம். இந்த மாதம் பென்ஷன் விழுந்த செய்தி முதல்முறையாக அவர் கைக்கு வந்தது. எழுத்து தெரியாது, என்னிடம் கொண்டுவந்து காட்டி இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

இன்று மேடையில் இதைப் பேசட்டுமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் நடுவர் அவர்களே. "பேசு கண்ணு. எம் பையன் பேர மட்டும் சொல்லிராத" என்றார்.