அரிசி விழும் வேகத்தில் ஒரு சோதனை

நேயர்களுக்கு வணக்கம். சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து அரிசி ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்குக் கலர் சோட்டர் பழக்கமானது. சரிவான தகட்டில் வழுக்கி விழும் அரிசியைக் கமரா பார்க்கும். கறுத்த மணி வந்தால் காற்று வால்வு ஒரு கணம் திறந்து அதை ஊதித் தள்ளும். அந்த ஒரு கணத்தைச் சோதித்துப் பார்க்கும் கருவியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் விழும் மணி, வால்வுக்கான கட்டளை 2 மில்லிசெக்கன் பிந்தினால் 6 மில்லிமீற்றர் கடந்துவிடும். அது ஏறக்குறைய ஒரு முழு அரிசியின் நீளம். கறுத்தது தப்பிவிடும், பின்னால் வந்த நல்ல மணி கழிவுக்குப் போகும்.

கமராவின் சைகையைப் பார்த்து வால்வுக்குக் கட்டளையிடும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையை நம் இளைஞர் ஒருவர் வடிவமைத்தால் எங்கே சோதிப்பார்? அறுவடைக் காலத்தில் எந்த ஆலைக்காரரும் இயந்திரத்தை நிறுத்தித் தரமாட்டார், தரவும் கூடாது. ஆகவே கமராவின் சைகைகளை ஒரு சோதனைக் கருவி உண்டாக்கிப் பலகைக்கு அனுப்பும். வால்வுக்கென்று பலகை அனுப்பும் சைகையை அதே கருவி வாங்கி, வந்த நேரத்தை அளக்கும்.

சைகைகள் போய்வரும் இக்கருவியின் முனைகளை நம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். இன்று உள்ளீடாக இருப்பதை நாளை வெளியீடாக மாற்றலாம். கைத்தொழில் இயந்திரத்துக்கு 24 வோல்ற்று, மின்னணுப் பலகைக்கு 5 அல்லது 3.3 வோல்ற்று எனத் தெரிவு செய்யலாம். ஒரு முனை ஆளியின் (சுவிச்சின்) நிலையைப் படிக்கும். இன்னொன்று துடிப்பின் அகலத்தை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்.

சாதாரணக் கணினி போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். வேகம் போதும், ஆனால் நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. பின்னணியில் வேறு வேலை வந்தால் நம் நிரல் பல மில்லிசெக்கன் காத்திருக்க நேரும். அதனால்தான் இக்கருவிகள் பலவற்றில் எஃப்.பி.ஜி.ஏ. என்ற மின்னணுச் சில்லு இருக்கிறது. 1985இல் ஸைலிங்க்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. உள்ளிருக்கும் தர்க்கச் சுற்றுகளின் இணைப்பையே நாம் மாற்றியமைக்கலாம். 100 மெகாஹேட்ஸ் கடிகாரத்தில் ஒவ்வோர் அடியும் 10 நானோசெக்கன்தான். முனைக்கொரு சுற்று அமைத்துவிட்டால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்காது.

நான் பெரிதும் மதிக்கும் பயன், பழுதுகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்ப்பது. குளத்து வான்கதவுக்கு மோட்டார்க் கட்டுப்பாடு செய்கிறோம் என்று வையுங்கள். கதவு முழுதாகத் திறந்ததைச் சொல்லும் எல்லை ஆளி பழுதானால் மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும். மாரி வெள்ளம் உன்னிச்சைக் குளத்தை நிரப்பும் இரவில் அதைக் கண்டுபிடிக்கும் நிலை வரக்கூடாது. மேசையில் அந்தச் சைகையை மறித்து வைத்து, நேர வரம்பு கடந்ததும் பலகை மோட்டாரை நிறுத்துகிறதா என்று எத்தனை தடவையும் பார்க்கலாம்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். விலையுயர்ந்த கருவி வரும்வரை காத்திருக்காதீர்கள். சிறிய எஃப்.பி.ஜி.ஏ. பயிற்சிப் பலகை ஒன்றும் மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் சைகையைக் கடத்தும் ஒப்டோகப்ளர் சிலவும் போதும். 3.3 வோல்ற்று முனையில் 24 வோல்ற்றை நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள், சில்லு எரிந்துவிடும். முதலில் ஓர் ஆளியின் சைகையை உள்ளே வாங்கி, சரியாக 2 மில்லிசெக்கன் கழித்து வெளியே அனுப்புங்கள். சைகையைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியில் ஒன்றுக்குப் பதிலாகப் பல துடிப்புகள் தெரியலாம். ஆளியின் தொடுகை துள்ளுவதால் வருபவை அவை. அவற்றை வடிகட்டும் சுற்றை அடுத்ததாக எழுதுங்கள்.