பெல்ட் போட்டிருந்தீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். சீட் பெல்ட் உயிரைக் காக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதைச் சொல்ல நான் வரவில்லை. எவ்வளவு காக்கும் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதுதான் பேச்சு.

நாம் இன்று மாட்டுகிற மூன்றுமுனை பெல்ட்டை 1959இல் வால்வோவில் கொண்டுவந்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன்பு சாப் நிறுவனத்தில், ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே தூக்கியெறிகிற இருக்கை செய்துகொண்டிருந்தவர். 1967இல் ஸ்வீடனில் வால்வோ கார்கள் சிக்கிய 28,000 விபத்துகளை அலசி அமெரிக்காவில் போய் முடிவைச் சொன்னார். பெல்ட் போட்டவர்களில், மணிக்கு 60 மைலுக்குக் குறைந்த வேகத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. போடாதவர்கள் எல்லா வேகத்திலும் செத்திருந்தார்கள்.

சரி, முடிந்ததா? எங்கே முடிந்தது! பெல்ட் போடுகிறவர் பொதுவாகவே நிதானமாக ஓட்டுகிற ஆளாக இருக்கலாம், மோதினாலும் மெதுவாகத்தான் மோதியிருப்பார். அப்படியானால் பிழைக்க வைத்தது பெல்ட்டா, நிதானமா?

இதற்கு 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த லெனார்ட் எவான்ஸ் ஒரு வழி சொன்னார், எனக்கு ரொம்பப் பிடித்த வழி. ஒரே காரில் முன்னால் இரண்டு பேர், இருவருக்கும் மோதல் ஒன்றுதான். பக்கத்தில் இருக்கிற, பெல்ட் போடாத பயணியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பெல்ட் போட்டிருந்த கார்களில், இறந்த பயணிகள் நூறு பேருக்கு எத்தனை ஓட்டுநர்கள் இறந்தார்கள்? அப்புறம் ஓட்டுநரும் போடாத கார்களில் அதே கணக்கு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் நிதானம், வேகம் எல்லாம் பெரும்பாலும் கழிந்துபோய் பெல்ட்டின் பங்கு மட்டும் நிற்கும். சாவு 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறைகிறது என்று வந்தது. காரின் முன்சீட்டுக்கு அமெரிக்க அரசு இன்றும் சொல்வது 45.

இதற்குள் இன்னொரு வேடிக்கை. பெல்ட் போடாவிட்டால் அபராதம் என்று அங்கே சட்டம் வந்ததும், பிழைத்தவர்கள் எல்லாம் போலீஸிடம் "போட்டிருந்தேன் சார்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். செத்தவர் பொய் சொல்ல முடியாதே! ஏட்டில் பார்த்தால் பெல்ட்டின் பலன் திடீரென்று எகிறியிருந்தது, அரசு ஆய்வாளர்கள் அந்த உபரியைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது.

அதனால் விபத்தை நேரில் ஆராய்கிறவர்கள் ஆளைக் கேட்பதோடு விடுவதில்லை. பெல்ட் நாடாவில் உராய்ந்த தடம் இருக்கிறதா, நெஞ்சில் குறுக்கே கன்றிய கோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புதிய கார்கள் பலவற்றில் ஏர்பேக்கை இயக்குகிற கருவியே, மோதும்போது பெல்ட் மாட்டியிருந்ததா என்று பதிந்துவைத்துவிடுகிறது.

சரி, கேள்வி இருந்தால் கேளுங்கள்.