இரண்டாவது பிட்சர் யார்? 2026 எஸ்.இ.சி. சாஃப்ட்பாலை எதிர்நோக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி பிறந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் சாஃப்ட்பால் தொடங்கிவிடும். அதில் மிகக் கடுமையான போட்டி நடக்கும் இடம் தென்கிழக்கு கான்ஃபரன்ஸ். சுருக்கமாக எஸ்.இ.சி. என்பார்கள். இந்த 2026-இல் அங்கே எந்த அணி எப்படி வரும் என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ஆஸ்டினில் குடியிருப்பவன். டெக்சாஸ் பல்கலைக்கழக அணிமீது எனக்குப் பாசம் அதிகம். அதையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். பக்கத்துப் பக்கத்து மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்துக்கொண்ட கூட்டு, அவ்வளவுதான். எஸ்.இ.சி.யில் 16 பல்கலைக்கழகங்கள் உள்ளன. வாண்டர்பில்ட்டுக்கு மட்டும் சாஃப்ட்பால் அணி கிடையாது. ஆக 15 அணிகள். ஓக்லஹோமாவும் டெக்சாஸும் 2024 ஜூலையில் வந்து சேர்ந்தவை. போன ஆண்டு தேசியப் போட்டிக்குத் தேர்வான 64 அணிகளில் 14 இந்த ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து போயின. பதினைந்தில் பதினான்கு!

ஆட்டத்தைப் பார்த்திராதவர்கள் கிரிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர். சாஃப்ட்பாலில் பந்து வீசுகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் நடுவே 43 அடி, அதாவது 13 மீட்டர்தான். பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்பை ஒட்டிக் கொண்டுவந்து, கீழிருந்து விடுவார். பந்து தரையில் படாது, நேரே வரும். டென்னசி அணியின் கார்லின் பிக்கன்ஸ் போன மே மாதம் மணிக்கு 79.4 மைல் வேகத்தில் ஒரு பந்து போட்டார். ஏறக்குறைய 128 கிலோமீட்டர். 13 மீட்டரிலிருந்து அந்த வேகத்தில் வரும் பந்து அடிக்கிறவரை எட்ட 0.4 நொடிகூட ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீசனுக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் பயிற்சியாளர்கள் வாக்களித்து ஒரு தரவரிசை போடுவார்கள். தன் அணிக்குத் தானே வாக்குப் போட முடியாது, அது நல்ல விதி. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் எழும். இந்த அணியின் முதல் பிட்சர் யார் என்பது ஊருக்கே தெரியும். இரண்டாவது பிட்சர் யார்?

ஏன் இதையே கேட்கிறேன் என்று சொல்ல ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2025 ஜூன் 4, ஓக்லஹோமா சிட்டி. தேசியப் போட்டியின் கடைசிக் கட்டமான மகளிர் கல்லூரி உலகத் தொடரின் இறுதிச் சுற்று, மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவருக்குக் கோப்பை. ஒரு பக்கம் எங்கள் டெக்சாஸ். எதிரில் பிக் 12 கான்ஃபரன்ஸின் டெக்சாஸ் டெக். டெக் அணியின் பிட்சர் நைஜரி கனடி. ஸ்டான்ஃபர்டிலிருந்து அந்த அணிக்கு மாறியபோது பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் பெற்றவர். முதல் ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். இரண்டு அணிகளும் ஒரு முறை அடித்து முடித்தால் ஓர் இன்னிங்ஸ், மொத்தமே ஏழுதான். டெக்சாஸ் ஒன்றுக்கு பூஜ்யம் என்று பின்தங்கி நிற்கிறது. அடித்தவர் ஓடித் தொட வேண்டிய நாலு இடங்களைப் பேஸ் என்பார்கள், நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் டெக்சாஸ் ஆட்கள். அடிக்க வருகிறவர் ரீஸ் அட்வுட், பெரிய அடி அடிக்கக்கூடியவர். டெக் அணியின் முடிவு, இவருக்குப் பந்தே போட வேண்டாம், வேண்டுமென்றே நாலு பந்தைத் தள்ளிப் போட்டு முதல் பேஸுக்கு அனுப்பிவிடலாம் என்பது. பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் விலகி நின்று கையை நீட்டிக் காட்டுகிறார்.

எங்கள் வீட்டில் என் மகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். இலவச நடைதானே, பார்க்க என்ன இருக்கிறது? அப்போது கனடி போட்ட ஒரு பந்து போதிய அளவு விலகவில்லை. அட்வுட் எட்டி அடித்துவிட்டார்! பந்து உள்வட்டத்தைத் தாண்டி விழுந்தது, இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே முடிந்தது. “அப்பா, என்ன ஆச்சு? என்ன ஆச்சு?” என்று மகள் கையில் டம்ளரோடு ஓடி வந்தாள்.

கனடி கவனக்குறைவாகப் போட்டார் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தொடரில் அதுவரை தன் அணிக்காக ஆட்டத்துக்கு ஆட்டம் அவரே வீசிக்கொண்டிருந்தார். களைத்த கையால் வேகமாக வீசக்கூட முடியும். அளந்து மெதுவாக, தள்ளிப் போடுவதுதான் கஷ்டம். என் மகள் பன்னிரண்டு வயதில் பிட்சிங் பழகினாள். கொல்லையில் நாற்பது அடி அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து நான்தான் பிடிப்பேன். முதல் முப்பது பந்து கையுறையின் நடுவில் ‘பட்’டென்று விழும். எழுபதாவது பந்துக்கு மேல் என் முழங்காலுக்கும் வேலிக்கும் போகும். வேகம் அப்படியே இருக்கும், குறி மட்டும் போய்விடும். கீழிருந்து வீசுவதால் தோள் நோகாது என்று ஒரு பேச்சு உண்டு. இரவில் அவள் தோளுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தவன் சொல்கிறேன், அது உண்மையில்லை.

அப்புறம் என்ன நடந்தது? இரண்டாவது ஆட்டத்தில் டெக்சாஸின் பயிற்சியாளர் மைக் வைட் தன் முதல் பிட்சர் டீகன் கவானைத் தொடவில்லை. வேறு கைகளிடம் பந்தைக் கொடுத்தார். ஆட்டம் நாலுக்கு மூன்று என்று போனது. போகட்டும்! மூன்றாம் ஆட்டத்தில் கவான் புதுக்கையோடு வந்தார். எதிரில் கனடி முதல் இன்னிங்ஸோடு வெளியேறினார். பத்துக்கு நாலு. மியா ஸ்காட் முழங்கால் தசைநார் கிழிந்த காலோடு ஆடி, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி நாலு ரன் ஹோம்ரன் அடித்தார். டெக்சாஸுக்கு சாஃப்ட்பாலில் அதுவே முதல் தேசியப் பட்டம். அந்த ஸ்கோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டாம் நாள் கவான் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வரும்.

எஸ்.இ.சி.க்கு இது ஏன் முக்கியம்? மார்ச்சில் தொடங்கி ஒவ்வோர் அணியும் கான்ஃபரன்ஸுக்குள் 24 ஆட்டங்கள் ஆடும். எட்டு எதிரணிகள், ஒவ்வொன்றோடும் மூன்று ஆட்டம், ஒரே வார இறுதியில். முதல் நாள் சமாளிக்க முடியாத பிட்சரை மூன்றாம் நாள் அதே பேட்டர்கள் திரும்பப் பார்க்கும்போது பந்து பழகிவிடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. எதிரணிகள் மொத்தம் பதினான்கு, ஆடுவது எட்டோடு. ஆறு அணிகளைச் சந்திக்கவே மாட்டார்கள். யாருக்கு யார் கிடைக்கவில்லை என்று பார்க்காமல் புள்ளிப் பட்டியலைப் படித்தால் ஏமாந்துபோவோம்.

இனி அணிகள். டெக்சாஸில் கவான் இருக்கிறார். போன உலகத் தொடரில் 31 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, அவர் கணக்கில் ஒரு ரன்கூட ஏறவில்லை. பிழையில் போன ரன்கள் வேறு. அட்வுட்டுக்கு இது கடைசி ஆண்டு. ஸ்காட் படிப்பை முடித்துப் போய்விட்டார். அந்த மூன்றாம் பேஸ் இடத்தை நிரப்புவது லேசில்லை. ஆனாலும் என் பட்டியலில் டெக்சாஸ்தான் முதலில்.

ஓக்லஹோமாவை நான் ஒருமுறை குறைத்து மதிப்பிட்டுவிட்டேன், மறுபடி செய்ய மாட்டேன். 2021 முதல் 2024 வரை நாலு ஆண்டும் தொடர்ந்து அவர்களே தேசியப் பட்டம் வென்றார்கள். வேறு எந்த அணியும் அதைச் செய்ததில்லை. அந்த நாலு ஆண்டுக்காரர்கள் பெரும்பாலோர் ஒரே சமயத்தில் படிப்பை முடித்து வெளியேறினார்கள். இனி இரண்டு ஆண்டு தள்ளாடுவார்கள் என்று நினைத்தேன். பயிற்சியாளர் பேட்டி காஸோ 1995-லிருந்து அங்கே இருப்பவர். புதுப் பெண்களை வைத்துக்கொண்டு, எஸ்.இ.சி.க்கு வந்த முதல் ஆண்டிலேயே கான்ஃபரன்ஸில் முதலிடம் பிடித்தார். எலா பார்க்கர், கசிடி பிக்கரிங், கேபி கார்சியா மூவரும் இந்த ஆண்டும் இருக்கிறார்கள். அடிப்பதில் குறையில்லை. அவர்களுடைய முதல் பிட்சர் சாம் லாண்ட்ரி போய்விட்டார். ஆக அங்கே முதலாவது பிட்சர் யார் என்பதே கேள்வி, இரண்டாவதை விடுங்கள்.

டென்னசியில் பிக்கன்ஸுக்குக் கடைசி ஆண்டு. 128 கிலோமீட்டர் என்றேனே, அவர்தான். அவரையும் போன உலகத் தொடரில் ஓக்லஹோமாவின் எலா பார்க்கர் கடைசி இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம்ரன் அடித்து வீழ்த்தினார். வேகம் மட்டும் போதாது. டென்னசியின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் டெய்லர் பேனல் டெக்சாஸ் டெக்குக்கு மாறிவிட்டார், ஃபுளோரிடாவின் மியா வில்லியம்ஸும் அங்கேதான் போயிருக்கிறார். ஓர் அணியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இப்போது அவ்வளவு எளிதாகிவிட்டது. அதனால் டிசம்பரில் எழுதிய கணிப்பு பிப்ரவரிக்கு உதவாது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்கு என் அனுதாபம். போன ஆண்டு நாட்டிலேயே முதல் தரவரிசை கொடுத்து, சொந்த மைதானத்தில் ஆட விட்டார்கள். முதல் சுற்றிலேயே லிபர்ட்டி என்ற அணி வெளியேற்றிவிட்டது. முதலிடம் பெற்ற அணி அந்தச் சுற்றிலேயே போனது அதுவே முதல் தடவை. தரவரிசையைத் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் என்று. வேகமாகச் சொல்கிறேன். ஃபுளோரிடாவில் கீகன் ராத்ராக் வீசுகிறார், மூன்றாம் ஆண்டு. டெய்லர் ஷூமேக்கர் அடிக்கிறார், இரண்டாம் ஆண்டு. முதல் நான்கில் கட்டாயம் வருவார்கள். ஆர்கன்சாவில் போன ஆண்டு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற பிரீ எல்லிஸ் இனி இல்லை, ரன் எங்கிருந்து வரும் என்று பார்க்க வேண்டும். ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகம் போன ஆண்டுதான் முதல்முறையாக உலகத் தொடருக்குப் போனது. அலபாமா பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். 2012-இல் எஸ்.இ.சி.க்கு முதல் சாஃப்ட்பால் பட்டத்தைக் கொண்டுவந்த அணி அது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வும் இருக்கிறது. 2028 ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருவதையும், அந்த ஆட்டங்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் இல்லாமல் இதே ஓக்லஹோமா சிட்டி மைதானத்தில் நடக்கப்போவதையும் சொல்ல நினைத்தேன், நேரமில்லை.

முதல் வார இறுதி ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் சனிக்கிழமை நடக்கும் இரண்டாவது ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். அன்றைக்குப் பந்து யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வணக்கம்.