மகனை இழந்த ராணியும் மந்திரம் தெரிந்த பெண்ணும்

நண்பர்களுக்கு வணக்கம்.

அரண்மனை, மந்திரம், குடும்பப் பாசம் மூன்றும் கலந்த ஃபேண்டசி கதைகளை இளைஞர்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் இதெல்லாம் நமக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் மனசு கேட்பதில்லை. சாத்தனாரின் மணிமேகலையை ‘ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று’ என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்து மூடிவைத்துவிட்டோம். அந்த 30 காதைகளுக்குள் நீங்கள் தேடுகிற கதை இருக்கிறது.

பருவப் பெண் ஒருத்தி, பெயர் மணிமேகலை. அப்பா கோவலன் மதுரையில் கொலையுண்டான். அம்மா மாதவி மகளைத் துறவுக்குக் கொடுத்துவிட்டாள். பாட்டி சித்திராபதியோ, குலத்தொழிலை விடலாமா என்று அவளை ஆடல் அரங்குக்கு இழுக்கிறாள். அதற்கு அவள் பிடிக்கும் ஆள் யார்? சோழ இளவரசன் உதயகுமரன். அம்மா பக்கம் நிற்பதா, பாட்டி பக்கம் நிற்பதா? கதை தொடங்குவதே இந்த வீட்டுச் சண்டையில்தான்.

அப்புறம்தான் மந்திரம் வருகிறது. மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோகிறது. கோவலனின் முன்னோர் ஒருவரை நடுக்கடலில் காப்பாற்றிய தெய்வம் அது. அந்த நன்றிக்காகத்தான் குழந்தைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். தீவில் அவளுக்கு முற்பிறவி தெரியவருகிறது. மாதவியும் தோழி சுதமதியும் போன பிறவியில் அவளுடைய அக்காக்கள். துரத்திக்கொண்டு வரும் உதயகுமரன் அப்போது அவள் கணவன். சாதாரண வில்லனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவனை எப்படி வெறுப்பது?

வேற்றுருவம் எடுக்க, வானில் பறக்க, பசியை ஆற்ற என்று மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. இளவரசனிடமிருந்து தப்பிக்க அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்தக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவி அரசகுமாரனோடு பேசுகிறாள் என்று நினைத்து இரவில் அவனை வெட்டிவிடுகிறான். அவளைக் காத்த மந்திரமே அவனைக் கொன்றது. ஃபேண்டசி எழுத வருகிற தம்பி தங்கைகள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். மந்திரத்துக்கு விலை உண்டு என்று விதி எழுதிவைப்பது சுலபம். அந்த விலையை யார் தலையில் வைக்கிறோம் என்பதில்தான் கதை இருக்கிறது.

சரி, அரண்மனைக்கு வருவோம். செய்தி கேட்ட அரசன், மகனுக்காக நீதி தவறவில்லை. காஞ்சனன் செய்தது நான் செய்திருக்க வேண்டிய தண்டனை என்கிறான். மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் வழிவந்தவன் அல்லவா! மணிமேகலையைக் காவலில் வைக்கிறான். ராணி அப்படி இல்லை. அன்பாகப் பேசி அவளைச் சிறையிலிருந்து தன்னிடம் வரவழைத்து, பித்துப் பிடிக்கும் மருந்து கொடுக்கிறாள். அவளைக் கெடுக்க ஒருவனை ஏவுகிறாள். உணவில்லாத அறையில் பூட்டுகிறாள். இருவருக்கும் அதே மகன், அதே சாவு. தகப்பனின் விசுவாசம் குலத்தின் நீதிக்கு, தாயின் விசுவாசம் பெற்ற வயிற்றுக்கு. எனக்கு ராணி மேல் கோபம் வரவில்லை. அவள் செய்தது கொடுமைதான். ஆனாலும் அவள் அழுகை பொய் இல்லை.

மந்திரத்தால் மணிமேகலை ஒவ்வொன்றிலும் தப்பிக்கிறாள். மருந்து அவளைத் தொடவில்லை. வந்தவன் முன்னால் ஆண் உருவம் எடுக்கிறாள், அவன் ஓடிவிடுகிறான். பசியும் அவளை வாட்டவில்லை. பழிவாங்க நினைத்திருந்தால் முடிந்திருக்கும். அவளோ ராணியின் எதிரில் நின்று ஒரு கேள்வி கேட்கிறாள்: நீ அழுதது உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கு என்றால், அதை எடுத்துச் சுடுகாட்டில் இட்டது யார்?

பேசப் பேச ராணியின் மனம் இளகுகிறது. கடைசியில் எழுந்து அந்தப் பெண்ணை வணங்கப் போகிறாள். மணிமேகலை பதறித் தடுக்கிறாள். இது தகாது, நீ என் காதலனைப் பெற்றவள், அதோடு இந்த நாட்டின் பெருந்தேவி என்று சொல்லி, அவளே ராணியை வணங்குகிறாள்.